வாடிக்கையாளரின் பெயர் ஈஸ்ட்

ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியது இதுவரை ஒரே ஒரு முறைதான். அன்றும் ஒரே ஒரு சொல்தான் சொன்னேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற ஏழு மாதம் முயன்றேன். அதற்குள் அது கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்ச் சுவரில் ஏறிவிட்டது. கீழே ஒரு பூந்தொட்டியும் வைத்துவிட்டார்கள்.

என் பெயர் வெரோனிகா. உயிர்வேதியியலில் பட்டம் பெற்றவள். விடை தெரிந்தாலும் கை தூக்காத பெண் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தி இருப்பாள்; எங்கள் வகுப்பில் அது நான். மினி பஸ்ஸில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது அடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். ஈஸ்டோடு வேலை என்று விளம்பரத்தில் பார்த்ததும் மனுப் போட்டேன். ஈஸ்ட் பேச்சுக் கொடுக்காது.

சுங்கை வேயில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்தது ரொட்டி நொதி ஆய்வு மையம். பாதி அரசாங்கத்துடையது, பாதி ரொட்டி முதலாளிகள் சங்கத்துடையது. எந்தப் பாதி யாருடையது என்று யாருக்கும் தெரியாததால் இரண்டு பக்கத்து விதிமுறைகளும் எங்களுக்குப் பொருந்தின. எனக்குப் பதினொரு மாத ஒப்பந்தம். 1997 ஜனவரியில் தொடங்கி நவம்பர் முப்பதில் முடியும்.

இயக்குநர் டாக்டர் சிவசம்பு முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "மூண்டு கிராஃப் தாரும் பிள்ளை. மூண்டும் ஒரே மாதிரி வந்தால் நிரந்தரம். நான் சொன்னால் சொன்னதுதான்."

அந்த நிரந்தரம் எனக்கு வேண்டியிருந்தது. அப்பா ஸ்டானிஸ்லாஸ் ரயில்வேயில் இருந்தார். டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பிறந்து வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸை அதோடு காலி செய்ய வேண்டும். வீடு வாங்கக் கடன் கேட்டுப் போனபோது வங்கிக்காரர் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "நீங்க பெர்மனென்டா?" என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார்.

எனவே மூன்று கிராஃப்.

சோதனை எளிமையானது. ஈஸ்ட் செல்லை மூன்று நாள் சர்க்கரை இல்லாமல் பட்டினி போட வேண்டும். பிறகு ஒரு சொட்டுக் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். கொடுத்த அரை நிமிடத்துக்குள் செல்லுக்குள்ளே ஒரு சின்ன மூலக்கூறு திடீரென்று பெருகும். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுதான் உள்ளே போகும் செய்தி. சர்க்கரை வந்துவிட்டது, சேமிப்பதை நிறுத்து, பயப்படுவதை நிறுத்து, வளர். அந்த இரண்டு நிமிடத்துக்குள் சில வினாடிகளுக்கு ஒரு முறை செல்களை எடுத்துப் பனியில் உறைய வைத்து, செய்தி எவ்வளவு உயர்ந்தது என்று அளந்து வரைந்தால் ஒரு கிராஃப். அளக்கும் மருந்துப் பெட்டி ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. மூன்று சோதனைக்குத்தான் போதும். மூடியில் காலாவதி நாள் நவம்பர் முப்பது என்று போட்டிருந்தது. என்னுடையதும் அதேதான்.

எல்லாம் இருந்தது, குளுக்கோஸ் மட்டும் இல்லை.

மார்ச் மாதம் குளுக்கோஸ் கேட்கும் பாரத்தை நிரப்பி எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்கீப்பர் பக்கிரிசாமி அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, சக்கரையா? மேல இருந்து சூராட் வந்துச்சே, பாக்கல?"

எடுத்துக் காட்டினார். ஊழியர்களின் உடல்நலம் கருதி எல்லா அலுவலகங்களிலும் சர்க்கரைப் பயன்பாட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அந்தக் கடிதம் சொன்னது.

இது தேத்தண்ணீருக்கு அண்ணே, சோதனைக்கு இல்லை என்று சொல்ல நினைத்தேன். "ம்" என்றேன்.

"போன வருசம் எவ்ளோ எடுத்தீங்க, லேப்ல?"

"போன வருஷம் நான் இல்ல அண்ணே."

"அப்ப சைபர். சைபர்ல பாதி எவ்ளோ?"

அவரே சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, "சாப்பிடுற சாமான்தானே? பேன்ட்ரி வழியா வாங்கு லா. பவுனம்மாகிட்ட ஒரு சைன் போதும்" என்றார்.

தேநீர் போடும் பவுனம்மாள் அக்காவிடம் போனேன்.

"கண்ணு, எனக்கே வாரத்துக்கு ஒரு பாக்கெட்டுதான் குடுக்குறானுங்க. பாஸுக்கே அரைக் கரண்டிதான் போடுறேன். அவரு டிராயர்ல தனியா ஒரு டப்பா ஒளிச்சி வெச்சிருக்காரு, அது வேற கதை. நீ யாருக்குக் கேக்குற?"

"ஈஸ்டுக்கு அக்கா."

"அது யாரு, புதுசா வந்த பொண்ணா?"

கையெழுத்துக் கிடைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்துக்கடையில் குளுக்கோஸ் பொட்டலம் கிடைக்கும். ஆனால் அங்கீகரிக்கப்படாத கடையில் வாங்கியதை ஆய்வகத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது இன்னொரு சூராட். நான் அதையும் மதித்தேன். சொன்னபடி கேட்பது என் கெட்ட பழக்கம்.

ஏப்ரலில் மையம் தரச் சான்றிதழ் வாங்க முடிவு செய்தது. அந்த ஆண்டு எல்லா அலுவலகமும் வாங்கிக்கொண்டிருந்தது. சுங்கை வேயில் டயர் ஒட்டும் கடையில்கூடச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கியது. தணிக்கையாளர் கார்த்திகேசு முதல் கூட்டத்துக்கு வந்தார். கழுத்துப்பட்டி, வழுக்கை, நான்கு நிறத்தில் நான்கு பேனா. கூட்டம் மலாயில் தொடங்கி, ஆங்கிலத்தில் நடந்து, தேநீர் வந்ததும் தமிழுக்கு மாறியது.

"ஒரே கேள்விதான்," என்றார். "உங்க கஸ்டமர் யாரு?"

டாக்டர் சிவசம்பு தொண்டையைச் செருமினார். "நாடு."

கார்த்திகேசு பச்சைப் பேனாவில் எழுதிக்கொண்டார். அடுத்து பக்கிரிசாமி அண்ணன். "என்கிட்ட சைன் வாங்க வர்றவங்க." அடுத்து, தட்டோடு நின்ற பவுனம்மாள் அக்கா. "தேத்தண்ணி குடிக்கிறவங்க எல்லாரும். உங்களையும் சேத்துதான்."

பேனா என் பக்கம் திரும்பியது.

நான் அன்று காலையிலிருந்து ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 'ஈஸ்டுக்குக் குளுக்கோஸ் இன்னும் வரவில்லை சார்.' கூட்டத்தின் முடிவில் சொல்வதாக இருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்ததும் முதல் சொல் மட்டும் வெளியே வந்தது. மற்றவை உள்ளேயே தங்கிவிட்டன.

"ஈஸ்ட்" என்றேன்.

கார்த்திகேசு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"நாப்பது ஆபீஸ் பாத்துட்டேன் டாக்டர். எல்லாரும் நாடு, மக்கள், பொதுநலம்னுதான் சொல்றாங்க. யாரு வாசல்ல நிக்கிறாங்க, யாரு கையில நம்ம சாமான் போய்ச் சேருதுன்னு யோசிச்சுச் சொன்ன ஆளு இந்தப் பொண்ணு ஒண்ணுதான்."

"ஓம், ஓம்," என்றார் டாக்டர் சிவசம்பு. "அதைத்தானே நான் நாடு எண்டு சுருக்கிச் சொன்னனான்."

இரண்டு வாரத்தில் வாடிக்கையாளர் சாசனம் சுவரில் ஏறியது. 'எங்கள் வாடிக்கையாளர் ஈஸ்ட். அவரைப் புன்னகையோடு வரவேற்போம். அவரைக் காக்க வைக்க மாட்டோம். அவருக்கு வேண்டியதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் வழங்குவோம். அவர் குறையைக் காது கொடுத்துக் கேட்போம்.' ஆய்வகக் கதவருகே ஆலோசனைப் பெட்டி ஒன்று பூட்டோடு வந்தது. நான் குடுவையைத் திறக்கும் முன் புன்னகைக்க வேண்டும் என்பது நடைமுறை எண் ஆறு. மனிதர்களிடம் வராத புன்னகை எனக்குக் குடுவையிடம் சுலபமாக வந்தது.

சான்றிதழ் வேலைக்குத் தர மேலாளர் ஒருவர் தேவைப்பட்டார். எல்லாப் பாரங்களும் பக்கிரிசாமி அண்ணனிடம்தான் இருந்தன, பெரிய ஸ்டேப்ளரும் அவரிடம்தான் இருந்தது. எனவே அவரே தர மேலாளர் ஆனார். நான் அவரிடம் போய் நின்றேன். நிற்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. கால் மணி நேரம் கழித்து அவரே கேட்டார்.

"என்னாம்மா?"

"அது... தப்பா சொல்லிட்டேன் அண்ணே. கஸ்டமர் ரொட்டிக்கடைக்காரங்க. மாத்திடலாமா?"

"மாத்தலாமே. பாரம் இருக்கு." பெரிய கோப்பைப் புரட்டினார். "வாடிக்கையாளரை மாத்தணும்னா பழைய வாடிக்கையாளரோட சம்மதம் எழுத்துல வேணும்."

"அது எழுதாது அண்ணே."

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களா?" அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. "கைநாட்டு போதும் லா."

ஒரு ஈஸ்ட் செல்லின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நான் அதைச் சொல்லவில்லை. பாரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரு நன்மை நடந்தது. குளுக்கோஸ் வந்தது. நாற்பது நாளாக ஒரு புட்டி கேட்டுக் கிடைக்காத இடத்தில், வாடிக்கையாளருக்கு என்றதும் ஐந்து கிலோ மறுநாளே வந்து இறங்கியது. மகிழ்ந்து செல்களைக் கழுவித் தண்ணீரில் போட்டுப் பட்டினியைத் தொடங்கினேன். ஒரு நாள் ஆனது. இரண்டாம் நாள் பக்கிரிசாமி அண்ணன் கோப்போடு வந்தார். குடுவை மேல் நான் ஒட்டியிருந்த 'பட்டினி: 2ஆம் நாள்' என்ற சீட்டைப் படித்தார்.

"என்னாம்மா இது? கஸ்டமரைப் பட்டினி போட்டிருக்கியா?"

"அண்ணே, மூணு நாள் போட்டாத்தான்..."

"'அவரைக் காக்க வைக்க மாட்டோம்.' யாரு எழுதினது?"

"நீங்கதான்."

"நான் எழுதினேன். சொன்னது யாரு?"

முரண்பாட்டு அறிக்கை எண் ஒன்று என் பெயரில் பதிவானது. வாடிக்கையாளரை நாற்பத்தொரு மணி நேரம் உணவின்றி வைத்திருந்தது. அதைத் திருத்தும் நடவடிக்கையாகப் பவுனம்மாள் அக்கா ஆய்வகத்துக்கும் பொறுப்பாக்கப்பட்டார். காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் தேநீர் வண்டி எங்கள் அறைக்கும் வரும். ஒவ்வொரு குடுவைக்கும் ஒரு கரண்டி.

அக்காவுக்கு மனசு பெரிசு. ஒரு கரண்டி என்றால் அவருக்கு இரண்டரை.

"குடிக்கட்டும் கண்ணு. எப்படி இருக்கு பாரு, வெளுத்துப் போயி. எனக்கும் ஆபீஸர்களுக்கு அரைக் கரண்டி போட்டுப் போட்டுக் கையே மரத்துப் போச்சு."

சர்க்கரை அளவுக்கு மேல் கிடைத்த ஈஸ்ட் என்ன செய்யும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். இப்போது தினமும் பார்த்தேன். வேறு எந்தச் சர்க்கரையையும் தொடாது. அவற்றைச் செரிக்கும் மரபணுக்களைத் தானே பூட்டிக்கொள்ளும். காற்று தாராளமாக இருந்தாலும் சுவாசிக்கச் சோம்பல்பட்டுச் சாராயம் காய்ச்சும். பஞ்சு அடைப்பைத் தள்ளிக்கொண்டு நுரை பொங்கி மேசை, தரை, நடைபாதை என்று வழிந்தது. கட்டடம் முழுவதும் கள்ளுக்கடை வாசம். காவலாளி இரண்டு முறை என் கைப்பையைச் சோதித்தார்.

"உன் கஸ்டமர் நேத்து வாந்தி எடுத்துட்டான் கண்ணு," என்று துடைத்துக்கொண்டே சொன்னார் அக்கா. "இருந்தாலும் பசி மட்டும் அடங்கல பாரு."

திருப்தி ஆய்வில் 'வாடிக்கையாளர் பொங்கி வழியும் அளவுக்கு மகிழ்ச்சி' என்று பக்கிரிசாமி அண்ணன் எழுதினார். அவர் பார்த்ததைத்தான் எழுதினார்.

செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. காலை ஒன்பது மணிக்குக்கூட எதிர்த் தொழிற்சாலை தெரியவில்லை. ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் முகமூடி வழங்க வேண்டும் என்று சூராட் வந்தது. மறுநாள் பன்னிரண்டு குடுவைகளும் பஞ்சு அடைப்புக்கு மேல் வெள்ளை முகமூடி கட்டி வரிசையாக நின்றன. எனக்கு ஒன்று குறைந்துவிட்டது. நான் கைக்குட்டை கட்டிக்கொண்டேன்.

அந்தப் புகையின் மறைவில் ஒரு துணிச்சல் செய்தேன். ஒரு குடுவையை மட்டும் என் அலமாரியில் பழைய கோப்புகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பட்டினி போட்டேன். முதல் நாள் தாண்டியது. இரண்டாம் நாளும் தாண்டியது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் குற்றம் அது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலை உள்தணிக்கை. பக்கிரிசாமி அண்ணன் அலமாரியைத் திறந்தார்.

முரண்பாட்டு அறிக்கை எண் ஒன்பது: வாடிக்கையாளரை அடைத்து வைத்தது.

அக்கா அந்தக் குடுவைக்கு நான்கு கரண்டி போட்டார். என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்றம் இருந்தது. "உன்ன நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்."

நவம்பர் ஆனது. மருந்துப் பெட்டி பிரிக்கப்படாமல் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. வீட்டில் அம்மா பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கினாள். எங்கே போகிறோம் என்று நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு மதியம் ஸ்டோர் பக்கம் போய் நின்றேன். அன்று அண்ணன் அரை மணி நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"என்னாம்மா, அழுறியா?"

"இல்ல அண்ணே. புகை."

புகை அக்டோபரிலேயே போயிருந்தது. அவர் கோப்பை எடுத்து வெகுநேரம் புரட்டினார். அவர் கெட்டவர் இல்லை. விதியைத் தாண்டி உதவத் தெரியாது. விதிக்குள் உதவி இருந்தால் தேடிக் கொடுப்பார்.

"இங்க பாரு, பதினேழாவது விதி. வாடிக்கையாளரே குறை எழுதிப் போட்டா, விசாரணை முடியிறவரைக்கும் அந்தச் சேவையை நிறுத்தி வைக்கலாம். மூணு நாள்."

"ஆனா ஈஸ்ட் எப்படி அண்ணே...?"

"பெட்டியில என்னா விழுதுன்னுதான் நான் பாப்பேன். போடுறவங்க கையைப் பாக்க மாட்டேன்."

அன்று நான் இடது கையால் எழுதினேன். 'எனக்குச் சர்க்கரை அதிகமாகத் தருகிறார்கள். மூன்று நாள் வேண்டாம். இப்படிக்கு, ஈஸ்ட்.' எழுத்து என் கையெழுத்தை விட அழகாக வந்தது.

ஆலோசனைப் பெட்டியில் விழுந்த முதல் காகிதம் அது. டாக்டர் சிவசம்பு அவசரக் கூட்டம் கூட்டினார்.

"நண்பர்களே," என்றார். "இந்த மையம் இருபது வருஷமா ஒருத்தரும் கேக்காத கேள்வியளுக்குப் பதில் தேடினது. அந்தப் பதிலையும் ஒருத்தரும் கேக்கேல்லை. இப்பதான் முதல் தரமா எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைச்சிருக்கிறார். எப்பிடிப்பட்ட வாடிக்கையாளர்! பேப்பருக்கு எழுதமாட்டார். மந்திரியட்டைப் போகமாட்டார். எங்கட ஆராய்ச்சியால என்ன பிரயோசனம் எண்டு கேக்கமாட்டார். ஒரேயொரு குறை சொல்லியிருக்கிறார். அதுவும் என்ன? குறைவாத் தாருங்கோ எண்டு! எந்த நிறுவனத்துக்குக் கிடைக்கும் இப்பிடி ஒருத்தர்?" அவர் கண் கலங்கியது. "எனக்கும் நீரிழிவு, சீனி வருத்தம் இருக்கு. அவற்ற நிலைமை எனக்கு விளங்கும்."

மூன்று நாள் ஓய்வு வழங்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வரை. வெள்ளிக்கிழமை நவம்பர் இருபத்தெட்டு. அன்றுதான் கார்த்திகேசு இறுதித் தணிக்கைக்கு வருகிற நாளும். எனக்கு அது பொருட்டாகப் படவில்லை. அவர்கள் கூட்ட அறையில் இருப்பார்கள். நான் ஆய்வகத்தில் இருப்பேன். இரண்டு நிமிட வேலை. கழுவித் தண்ணீரில் வைத்த மூன்று குடுவை, ஒரே நாளில் மூன்று கிராஃப்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டேன். செல்கள் அருமையாகப் பசித்திருந்தன. குளுக்கோஸ் கரைசலைச் சரியான அளவில் செய்து வைத்தேன். பனிக்கட்டியில் சிறு குழாய்களை வரிசையாக நட்டு ஒவ்வொன்றிலும் வினாடியை எழுதினேன். சுழியம், பதினைந்து, முப்பது, அறுபது. நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பத்தாக ஐந்து நிமிடம் இருந்தபோது கதவு திறந்தது.

முதலில் புகைப்படக்காரர் வந்தார். பிறகு சட்டையில் ரோஜா குத்திய டாக்டர் சிவசம்பு. பிறகு கார்த்திகேசு, பக்கிரிசாமி அண்ணன், ரொட்டிச் சங்கத்தார் நான்கு பேர். கடைசியாகப் பவுனம்மாள் அக்கா. அவர் கையில் பட்டு விரித்த தட்டு, தட்டில் வெள்ளிக் கரண்டி, பக்கத்தில் இயக்குநரின் டிராயரிலிருந்து வந்த சர்க்கரை டப்பா.

"ஓய்வு முடிஞ்சு வாடிக்கையாளர் திரும்பிறார்," என்றார் டாக்டர் சிவசம்பு. "முதல் கரண்டியை நான் என்ர கையால குடுக்கிறதுதான் மரியாதை."

குடுவைகளுக்கும் எனக்கும் நடுவில் அவர் வந்து நின்றார். அகலமான மனிதர்.

அவர் பேசத் தொடங்கினார். நான் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. 'பொறுங்க.' அல்லது 'சார்.' மூன்று நாள் பட்டினி இருந்த செல்களுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தச் சொல்லைத் தேடினேன். தொண்டை வரைக்கும் வந்தது. பதினெட்டு நிமிடம் அவர் பேசினார். பதினெட்டு நிமிடமும் அது தொண்டையிலேயே நின்றது. அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்னா கண்ணு?" என்று உதட்டை அசைத்தார். அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். நான் புன்னகைத்தேன். நடைமுறை எண் ஆறு.

கரண்டி எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கைதட்டினார்கள். என் கை கடிகாரத்தை மட்டும் அழுத்தியது.

பதினைந்து வினாடி. புகைப்படக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். முப்பது வினாடி. இயக்குநரின் முதுகுக்குப் பின்னால் அந்த மூலக்கூறு இப்போது உச்சத்தில் இருக்கும். சேமிப்பதை நிறுத்து. பயப்படுவதை நிறுத்து. "இன்னொண்ணு எடுத்துக்கலாம் டாக்டர்." அறுபது வினாடி. ரொட்டிச் சங்கத்தார் கை குலுக்கினார்கள். நூற்றிருபதைத் தாண்டியபோது டாக்டர் சிவசம்பு ஒதுங்கினார். குடுவைகளில் சின்னச் சின்னக் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. செய்தி போய்ச் சேர்ந்து, வேலை தொடங்கிவிட்டது. என் குழாய்கள் காலியாகப் பனியில் நின்றன.

"நான் ஒண்ணு கேக்கலாமாம்மா?" என்றார் கார்த்திகேசு. "சேவைக்கு ரெஸ்பான்ஸ் டைம் எவ்ளோ?"

"முப்பது வினாடி," என்றேன். அது ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும் நேரம்.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். "சாசனத்துல பதினாலு நாள். நடைமுறையில முப்பது செகண்ட். டாக்டர், இப்படி ஒரு ஆபீஸை நான் பாத்ததில்ல."

சான்றிதழ் அங்கேயே உறுதியானது.

அன்று மாலை நான்கு மணிக்கு டாக்டர் சிவசம்பு அழைத்தார். போகும் வழியில் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். 'இன்னொரு மருந்துப் பெட்டியும் ஒரு மாதமும் கொடுங்கள் சார், மூன்று கிராஃபும் தருகிறேன்.' நல்ல வாக்கியம். எந்தச் சொல் முதலில் வந்தாலும் ஆபத்து இல்லாதபடி அமைத்திருந்தேன்.

"கிராஃப் இருக்கோ பிள்ளை?"

"இல்ல சார்."

"ம். அப்ப அந்தப் போஸ்ட் இல்லை. நான் சொன்னால் சொன்னதுதான்." அவர் மேசை மேல் ஒரு கடிதத்தைத் தள்ளினார். "ஆனா கார்த்திகேசு எழுதியிருக்கிறார், வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரி ஒருத்தர் கட்டாயம் வேணுமாம். ஆய்வகக் கதவடியில மேசை. சோதனை ஒண்டும் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. வாடிக்கையாளரைப் பாக்கிறது, உள்ளுக்கு அறிக்கை அனுப்புறது, அவ்வளவுதான். நிரந்தரம். பென்ஷனும் இருக்கு. யோசிச்சு, வீட்டில கேட்டு, திங்கட்கிழமை சொல்லும்."

"சரி சார்" என்றேன்.

நிறுத்துக் கடிகாரம் இன்னும் என் கழுத்தில்தான் தொங்கியது. பழக்க தோஷத்தில் அவர் 'நிரந்தரம்' என்றபோது ஓடவிட்டு, நான் 'சரி' என்றபோது நிறுத்தியிருக்கிறேன். வெளியே வந்து பார்த்தேன். பதினொரு வினாடி. அதில் ஆறு வினாடி, அவர் பென்ஷனையும் திங்கட்கிழமையையும் சொல்லி முடிக்கும்வரை மரியாதைக்காகக் காத்திருந்தது.

ஈஸ்ட் செல்லின் மேல்தோலில் இரண்டு புரதங்கள் இருப்பதாக அதற்கு முந்தைய ஆண்டுதான் கண்டுபிடித்திருந்தார்கள். பார்ப்பதற்குச் சர்க்கரையை உள்ளே சுமந்து செல்லும் மற்ற புரதங்கள் போலவே இருக்கும். அதே உருவம், அதே இடம், வாசலிலேயே நிற்கும். ஆனால் ஒரு மூலக்கூறைக்கூட உள்ளே தூக்கிக்கொண்டு போனதில்லை. வெளியே சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்து உள்ளே சொல்வது மட்டும்தான் வேலை. படித்தபோது அவற்றை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

டிசம்பரில் வங்கியில் நானே பேசினேன். "பெர்மனென்ட்" என்றேன். ஒரே சொல், ஆனால் இந்த முறை சரியான சொல். அப்பா கூரையைப் பார்க்கவில்லை. கிள்ளானில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. மினி பஸ் இரண்டு மாற வேண்டும். மணியை இன்னும் வேறு யாராவதுதான் அடிக்கிறார்கள்.

கதவடி மேசையில் உட்கார்ந்த முதல் காலை பத்து மணிக்குத் தேநீர் வண்டி வந்தது. மருந்துப் பெட்டியின் வெளிக்கூடு அழகாக இருந்ததால் அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருந்தேன். பவுனம்மாள் அக்கா முதலில் குடுவைகளைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்னா கண்ணு, பெரிய ஆளாயிட்ட. சக்கரை எத்தன?"

"ரெண்டரை அக்கா" என்றேன். உடனே சொன்னேன்.